இத்தாலி மலையில் பால் காய்ச்சிய கதை

1

இன்று காலை இத்தாலியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் சிஞ்ஞோரா பியெரினா. போன வருடம் ஆவணியில் நாங்கள் ஒரு கிழமை வாடகைக்கு இருந்த மலைக்கிராமத்து வீட்டின் சொந்தக்காரி. வயது எழுபத்தெட்டு. அவர் இத்தாலியனில் எழுதியதை என் கைத்தொலைபேசி தானாகவே தமிழாக்கி வைத்திருந்தது.

"மதிப்பிற்குரிய ஐயா, இந்தக் கோடையில் பால் அம்மையார் வருவாரா? இங்கே இரண்டு வீடுகள் காத்துக் கிடக்கின்றன."

பால் அம்மையார் வேறு யாருமில்லை, என் மனைவி யோகம்தான். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். செய்தியை வாசித்துக் காட்டினேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"போகலாம்தான். பானை இல்லையேப்பா."

பானை எங்கே போனது என்று சொல்வதானால் முழுக் கதையையும் சொல்லவேண்டும். ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள், வெளிநாட்டுக்காரர் எல்லாரும் வருடா வருடம் மலையிலும் கடலிலும் நின்று படம் எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒருதரம் போய்ப் பார்த்தோம். அதன் வில்லங்கத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

2

நாங்கள் இருப்பது பாரிசுக்குப் பக்கத்தில், கார்ஜ் லே கொனெஸில். நான் இருபத்திரண்டு வருடமாகப் பாரிசில் ஓர் இத்தாலிய உணவகத்தில் சமையல். முதலாளி போர்த்துக்கல்காரர். மேசைக்குக் கொண்டுபோகிறவர் மாலி நாட்டுக்காரர். சமைக்கிறவன் சாவகச்சேரிக்காரன். சாப்பிட வருகிற பிரெஞ்சுக்காரர் ஒரு வாய் வைத்ததும் "ஆ, இத்தாலி!" என்று கண்ணை மூடுவார்கள். நான் அதுவரை இத்தாலியைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

வக்கான்ஸ், அதாவது விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்று கேட்பது இந்த நாட்டில் சுகம் விசாரிக்கிறது மாதிரி. நாங்களும் போகாமல் இல்லை. லண்டனுக்குக் கலியாணவீட்டுக்குப் போனோம். டொரொன்டோவுக்குச் சாமத்தியவீட்டுக்குப் போனோம். சுவிசுக்குக் கோயில் தேருக்குப் போனோம். எல்லா இடத்திலும் ஒரே அறையில் பதினான்கு பேர் நிலத்தில் படுத்தோம். திரும்பி வந்து, களைப்பு ஆற இரண்டு நாள் லீவு போட்டு நித்திரை கொண்டோம்.

மகள் ஆரணிக்கு இது பிடிக்காது. இங்கே பிறந்தவள், வயது இருபத்தைந்து. நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். கோபம் வந்தால் அந்தப் பிரெஞ்சும் எனக்கு விளங்காத வேகத்தில் வரும்.

போன வருடம் ஆனி மாதம் ஒரு நாள், யோகம் கடைக்குப் போன பிறகு, ஆரணி என் முன்னால் ஒரு கட்டுக் கடதாசியைக் கொண்டுவந்து வைத்தாள். நாந்த் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே தனியாக இருக்க ஒரு சின்ன வீடும் பார்த்துவிட்டாள். இங்கே பிள்ளை வாடகைக்கு வீடு எடுத்தால் தாயோ தகப்பனோ கராந், அதாவது பிணை நிற்கவேண்டும். மூன்று மாதச் சம்பளத் துண்டு, வரிக் கடிதம், அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம். பின்பக்கத்தை மறந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

"அம்மாவுக்குச் சொல்லிப்போட்டியோ?" என்று கேட்டேன்.

"பா ஆன்கோர்," என்றாள். இன்னும் இல்லை.

பக்கத்து ஊரான ஸ்தேனில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை கலியாணம் கட்ட முன்னம் தனி வீடு போனதற்கு யோகம் ஒரு வருடம் கதைத்தவள். அந்தப் பிள்ளையின் தாய் சப்பலில் எதிரே வந்தால் யோகம் தெருவின் மற்றப் பக்கம் மாறுவாள். இப்போது அந்தத் தாய் அவளேதான். எனக்கும் பிள்ளையை விட மனமில்லை. ஆனால் அவள் கடதாசிகளை அடுக்கியிருந்த ஒழுங்கைப் பார்த்தபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கையெழுத்து வைத்தேன்.

ஆரணியிடம் ஒரு திட்டம் இருந்தது. எங்கள் இருபத்தேழாவது கலியாண நாள் ஆவணியில் வருகிறது. அந்த நாளோடு முடிகிற மாதிரி ஒரு கிழமைக்கு இத்தாலியில் ஒரு பழைய மலைக்கிராமத்தில் வீடு எடுப்பாள். நாங்கள் மூன்று பேர் மட்டும். சொந்தக்காரர் கூடாது, ரைஸ் குக்கர் கூடாது, சாமி சடங்கு கூடாது. "யூன் செமென் நோர்மால்," என்றாள். சாதாரணமான ஒரு கிழமை. கடைசி நாள் அம்மா சந்தோசமாக இருக்கும் நேரம் பார்த்து விசயத்தைச் சொல்லுவாள். அம்மா ஓம் என்றால்தான் நிம்மதியாகப் போகலாம். இல்லையென்றாலும் போவாள், ஆனால் இருவரும் எத்தனை வருடம் கதைக்காமல் இருப்பார்கள் என்று சொல்லத் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்.

என் பொறுப்பு, யோகத்தை ஏழு நாள் சந்தோசமாக வைத்திருப்பது. இருபத்தேழு வருடத்தில் எனக்கு ஆகக் கூடினது இரண்டரை நாள்தான் முடிந்திருக்கிறது.

3

புறப்படும் அன்று கார் நிறுத்துமிடத்தில் ஆரணி சோதனை போட்டாள். சுங்க அதிகாரி தோற்றார். ரைஸ் குக்கர் பிடிபட்டது. ஐந்து கிலோ அரிசி பிடிபட்டது. துவாய்க்குள் சுற்றியிருந்த மிளகாய்த்தூள் போத்தல், "இது மருந்து," என்று யோகம் சொன்ன பிறகும் பிடிபட்டது. எல்லாம் திரும்ப ஆறாம் மாடிக்குப் போனது. யோகம் ஒன்றும் சொல்லாமல் தன் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீற்றில் ஏறினாள். அவ்வளவு அமைதியாக ஏறியபோதே நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

கிராமத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் வருகிற ஆவணிக்குச் சப்பலே அங்கே நிற்கும். மலை உச்சியில் கல் வீடுகள், கல் படிகள், கல் சந்துகள். கார் உள்ளே போகாது. அடியில் நிறுத்தும்போது மதிலோடு உரசிவிட்டேன். நூற்றி நாற்பது படி ஏறி, மூச்சு வாங்க நின்றபோது சிஞ்ஞோரா பியெரினா பாஸ்போட்டைக் கேட்டார். யார் தங்குகிறார்கள் என்று அவர் பொலிசுக்கு எழுதவேண்டுமாம்.

எங்கள் பாஸ்போட்டுகளைப் பார்த்து அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரெஞ்சுக்காரன் எங்கள் அப்பாமாரின் பெயரைத்தான் குடும்பப் பெயராகப் போட்டு வைத்திருக்கிறான். எனக்கும் ஆரணிக்கும் என் அப்பாவின் பெயர். யோகத்துக்கு அவளுடைய அப்பாவின் பெயர். பியெரினா யோசித்து, நானும் ஆரணியும் ஒரு குடும்பம், யோகம் கூட வந்த விருந்தாளி என்று எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் இத்தாலியன் படித்த ஆரணிதான் மொழிபெயர்த்தாள்.

"இருபத்தேழு வருஷமாச் சமைச்சுப் போட்டவள் விருந்தாளியாம்," என்றாள் யோகம். சந்தோசமாக வைத்திருக்கவேண்டிய முதலாம் நாள் அப்படிப் போனது.

4

அடுத்த நாள் விடிந்தும் விடியாமலும் யோகம் என் தோளைத் தட்டினாள்.

"இஞ்சேருங்கோ, எழும்புங்கோ. பிள்ளை நல்ல நித்திரை. இப்ப காய்ச்சினால்தான் உண்டு."

"என்னத்தை?"

"பாலை."

அவள் கையில் சின்னப் பித்தளைப் பானை. தலையணை உறைக்குள் இருந்து வந்திருக்கிறது. கார்ஜ் வீட்டுக்குக் குடிபுகுந்த அன்று பால் காய்ச்சிய அதே பானை.

"விசரே உமக்கு? இது ஏழு நாள் வீடு."

"ஏழு நாளோ எழுபது வருஷமோ, படுக்கிற வீடு வீடுதான். பால் காய்ச்சாத வீட்டிலை ஒரு இரவு படுத்தாச்சு. நேற்றுக் கார் கீறுப்பட்டது ஏன் எண்டு நினைக்கிறியள்?"

"நான் மதிலோடை உரசினதாலை."

"அதைத்தான் சொல்லுறன்."

எனக்குப் பெரிய இக்கட்டு. ஆரணிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், சடங்கு கூடாது என்று. யோகத்தைச் சந்தோசமாக வைத்திருப்பேன் என்றும் கொடுத்திருக்கிறேன். மெல்லமாகக் குசினிக்குப் போய் விரைவாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன். குசினியில் இருந்தது கறண்டில் வேலை செய்கிற கண்ணாடி அடுப்பு. பித்தளையை வைத்ததும் பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்தது. அந்த வீட்டுச் சட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"பண்டியிறைச்சி காய்ச்சின சட்டியிலையோ முதல் பால்?"

அதோடு அந்தச் சட்டி திரும்பவும் அலுமாரிக்குப் போனது. வீட்டுக்குள் ஒரு பழைய கல் அடுப்பு இருந்தது, அதில் நெருப்பு மூட்டக்கூடாது என்று படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். வெளியே மூட்டக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. வெளியே போனோம்.

சந்தின் முனையில் கற்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் எண் போட்டிருந்தது. பக்கத்தில் இத்தாலியனில் ஒரு பலகை. கல்லுக்குக்கூட இலக்கம் போடுகிறார்களே, என்ன ஒழுங்கான ஊர் என்று மெச்சிக்கொண்டு பதினான்கு, பதினைந்து, பதினேழு மூன்றையும் தூக்கி வந்தேன். பதினாறு ஆடியது. வாசலில் அழகுக்கு அடுக்கியிருந்த திராட்சைக்கொடிக் கட்டைகளில் நான்கை உருவினேன். பால் கிழக்கே பொங்கவேண்டும் என்றாள் யோகம். சந்து மேற்கே சரிந்திருந்தது. தொலைபேசியில் திசை பார்த்து, பதினேழாம் கல்லுக்குக் கீழே என் செருப்பில் ஒன்றை வைத்து உயர்த்தினேன். சமையல்காரனுக்குள் ஒரு இஞ்சினியர் இருக்கிறான் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

கட்டை ஈரம். புகை எழும்பியது. அந்த ஒடுக்கமான சந்தில் அதற்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. கொஞ்ச நேரத்தில் கோயில் மணி அடித்தது. பூசை மணி என்று யோகம் கைகூப்பினாள். அது நெருப்பு மணி.

முதலில் பியெரினா இரவு உடுப்போடு ஓடி வந்தார். பின்னால் ஒரு கிழவர் தண்ணீர் வாளியோடு. அதற்குப் பின்னால் ஊர் மேயர். அவர்தான் அந்த ஊர்க் காப்பிக் கடைக்காரரும். இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பாலின் விளிம்பில் அப்போதுதான் நுரை கட்டத் தொடங்கியிருந்தது.

"ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ! இப்ப பொங்கப் போகுது!" என்று யோகம் தமிழில் கத்தினாள்.

சத்தத்துக்கு ஆரணி தலை கலைந்து வாசலில் வந்து நின்றாள். பானையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஒற்றைச் செருப்போடு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். நாந்த் கதை இதோடு முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி அம்மாவும் சந்தோசமில்லை, மகளும் சந்தோசமில்லை.

கிழவர் வாளியை உயர்த்தினார். ஆரணி பாய்ந்து போய் அவருக்கும் பானைக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். "அஸ்பெத்தி! அஸ்பெத்தி!" என்று கத்தினாள். பொறுங்கள் என்று அர்த்தமாம். பிறகு இரண்டு விரலைக் காட்டி, பானையைக் காட்டி, வீட்டைக் காட்டி ஏதோ சொன்னாள். மேயர் உட்பட எல்லாரும் பாலையே பார்த்தார்கள்.

பால் எழும்பியது. ஒரு கணம் விளிம்பில் நின்று யோசித்தது. பிறகு நல்ல பிள்ளையாகக் கிழக்கே வழிந்தது. கிழவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

யோகம் சீனி போட்டு, காப்பி குடிக்கிற குட்டிக் கோப்பைகளில் எல்லாருக்கும் பால் கொடுத்தாள். கோப்பை ஆறு, வந்தவர்கள் ஏழு. மேயரும் கிழவரும் ஒரே கோப்பையில் குடித்தார்கள்.

பிறகு தனியாக ஆரணியிடம் ஏன் மறித்தாய் என்று கேட்டேன். "அந்தாள் ஊத்தியிருந்தால் அம்மா ஏழு நாளும் அழுதிருப்பா," என்றாள். கோபத்தில் இருந்தவள் அதைத் தமிழில் சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை.

5

அந்தக் கற்கள் ஊரின் பழைய வாசலின் கற்களாம். எத்தனையோ நூறு வருடத்து வாசலை ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, திரும்பக் கட்டுவதற்கு இலக்கம் போட்டு வைத்திருக்கிறார்கள். பலகையில் அதுதான் எழுதியிருந்தது. மேயர் காப்பிக் கடையில் வைத்து ஒரு படிவம் எடுத்தார். ஆரணி நிரப்பினாள். கற்களை எடுத்த நோக்கம்: பால். நோக்கம் நிறைவேறியதா: ஆம், கிழக்கே. மேயர் அதைப் படித்துப் பார்த்து முத்திரை குத்தினார். பதினாறை ஏன் விட்டாய் என்று மட்டும் கேட்டார். ஆடியது என்றேன். ஓம், அதில்தான் தங்களுக்கும் பிரச்சினை என்றார். தண்டனையாக மூன்று கல்லையும் அரை நாள் தேய்த்துக் கழுவினேன். பதினேழாம் கல்லின் கரி போகவே இல்லை. இப்போது வாசல் கட்டி முடிந்துவிட்டது, அந்த ஒரு கல் மட்டும் கறுப்பாக நிற்கிறது.

அதன் பிறகு ஆரணி அன்று முழுக்க எங்களோடு ஓம், இல்லை மட்டும்தான் கதைத்தாள். அவள் போட்டு வைத்த ஏரி, படகு, அருங்காட்சியகம் எதற்கும் நேரம் கிடைக்கவில்லை. காரணம் பியெரினா. பால் எதற்கு என்று அவர் கேட்டிருக்கிறார். வீடு நிறைய வேணும், சாப்பாடும் ஆட்களும் பொங்கி வழிய வேணும், அதற்குத்தான் என்று ஆரணி சொல்லியிருக்கிறாள். பியெரினா தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாராம். ஒரு மகன் துரினில், ஒரு மகள் ஜெர்மனியில். அந்த ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மூன்றாம் நாள் காலை தன் தங்கச்சியின் பூட்டிக் கிடந்த வீட்டுத் திறப்போடு வந்து, அங்கே பால் காய்ச்ச யோகத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான்காம் நாள் கிழவரின் வீடு. ஐந்தாம் நாள் இரண்டு. யோகம் நூற்றி நாற்பது படியிலும் கலியாணவீட்டுத் தலைமை மாமி மாதிரி நடந்து திரிந்தாள். மேயர் சொல்லி இந்தமுறை செங்கல் தந்தார்கள்.

எல்லாவற்றையும் மொழிபெயர்க்க ஆரணி கூடவே போகவேண்டியிருந்தது. இத்தாலியனில் கேட்ட சடங்கு விசயம் பிரெஞ்சில் சரிவராது, தாய்க்குச் சொல்ல அவளுக்குத் தமிழை விட வேறு வழி இருக்கவில்லை. ஐந்து வருடத்தில் கேட்காத தமிழை அந்த ஐந்து நாளில் கேட்டேன்.

நடுவில் நான் ஒரு பிழை விட்டேன். பியெரினாவுக்கு நன்றி சொல்ல என் கையால் கார்பொனாரா பாஸ்தா செய்து கொடுத்தேன். இருபத்திரண்டு வருடக் கைப்பக்குவம், நல்ல தடிப்பான கிரீம் போட்டு. அவர் ஒரு வாய் வைத்தார், முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். இதை யார் உனக்குப் பழக்கினது என்று கேட்டார். போர்த்துக்கல்காரர் என்றேன். தெருவில் நெருப்பு வைத்ததை ஒரு மணித்தியாலத்தில் மன்னித்தவர் அந்தக் கிரீமை இன்றுவரை மன்னிக்கவில்லை. முட்டையும் சீசும் மட்டும்தான் என்று என்னைப் பக்கத்தில் நிறுத்திச் செய்து காட்டினார். பாரிசுக்கு வந்து அப்படியே செய்தேன். கிரீம் எங்கே என்று நாலு தட்டு திரும்பி வந்தது.

6

கடைசி நாள் பின்னேரம், எங்கள் கலியாண நாள். வாசலில் சின்ன மேசை போட்டு மூன்று பேரும் சாப்பிட்டோம். யோகம் ஏழு நாளில் ஆறு நாள் சந்தோசமாக இருந்திருக்கிறாள். என் சாதனைதான், ஆனால் ஒருவரும் பாராட்டவில்லை. நான் ஆரணியைப் பார்த்தேன். அவள் தண்ணீர் குடித்தாள். பிரெஞ்சில் தொடங்கினாள், பாதியில் விட்டாள்.

"அம்மா, எனக்கு நாந்த்திலை வேலை கிடைச்சிருக்கு. புரட்டாதியிலை போறன். வீடும் எடுத்திட்டன். தனிய."

யோகம் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"கையெழுத்து வைச்சனான்," என்றேன்.

யோகம் எழும்பித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எதையோ போட்டுத் தேய்க்கிற சத்தம், நிற்காமல். யோகம் கத்தினால் பயமில்லை, கத்தாவிட்டால்தான் பயம். ஆரணியின் கண் கலங்கிவிட்டது. "முடிஞ்சுது அப்பா," என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கனநேரம் கழித்து யோகம் வாசலில் வந்து நின்றாள். கையில் பித்தளைப் பானை. தேய்த்த தேய்ப்பில் பளபளத்தது. மூக்கை உறிஞ்சினாள்.

"அங்கை அடுப்புக் காஸோ, கறண்டோ?"

"காஸ், அம்மா."

"கறண்டெண்டால் இது சரிவராது," என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் காரில் சாமான் ஏற்றும்போது தலையணையைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் தலையணை. பானை ஆரணியின் பெட்டிக்குள், அவளுடைய உடுப்புகளுக்கு நடுவில் இருந்தது.

மொன் பிளாங் சுரங்கத்துக்குள் கார் நுழைந்ததும் யோகம் அழத் தொடங்கினாள். பதினொரு கிலோமீற்றரும் அழுதாள். பின்சீற்றில் ஆரணியும் அழுதாள். நான் மட்டும் வேகத்தைப் பார்த்து ஓட்டவேண்டியிருந்ததால் அரைவாசிதான் அழ முடிந்தது. வெளிச்சத்துக்கு வந்ததும் யோகம் முகத்தைத் துடைத்தாள்.

"பிள்ளையோடை கதைப்பன். உங்களோடை நான் கதைக்கேல்லை," என்றாள். ஐப்பசி வரைக்கும் கதைக்கவில்லை.

7

ஆரணி நாந்த்தில் பால் காய்ச்சினாள். புகை அலாரம் அடித்துக் கீழ்வீட்டுக்காரர் மேலே ஓடி வந்தாராம், நல்லவேளை வாளி இல்லாமல். பால் எந்தப் பக்கம் வழிந்தது என்று யோகம் கேட்டதற்கு, அவசரத்தில் பார்க்கவில்லை என்றாள். எல்லாப் பக்கமும் வழிந்திருக்கும் என்று யோகம் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். சப்பலில் இப்போது ஸ்தேன்காரத் தாய் எதிரே வந்தால் தெருவை மாற்றுவதில்லை. நின்று கதைக்கிறாள். நேற்று அந்த மனுசியைப் புடவைக் கடைக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறாள்.

இன்று காலை பியெரினாவின் செய்தியை ஆரணிக்கு அனுப்பி, அம்மா கேட்கிறா, பானையைத் தபாலில் அனுப்ப முடியுமோ என்று எழுதினேன். வேலைக்கிடையில் பதில் வர மத்தியானம் ஆகிவிட்டது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள்.

"பானையை அனுப்பமாட்டன். நானே கொண்டு வாறன்."

யோகத்துக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தரம் வாசிக்கச் சொன்னபோது இன்னொரு வரி வந்து விழுந்தது.

"ரைஸ் குக்கரை மறந்திடாதேங்கோ."

பயணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. யோகம் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலே இருந்த ரைஸ் குக்கரை இறக்கித் துடைக்கத் தொடங்கிவிட்டாள்.